வெயிட்டைக் குறைங்க பாஸ்... தண்ணிக்கு இடம் விடுங்க!

ஒரு சின்னப் பந்தயம் வெச்சுக்கலாமா? போன தடவை நண்பர்களோட ஊர் சுத்தக் கிளம்பினப்போ தோள்ல மாட்டிட்டுப் போனீங்களே ஒரு பை... அதுல பாதிப் பொருளை நீங்க வெளியே எடுத்திருக்கவே மாட்டீங்க. ரெண்டாவது ஜீன்ஸ், நாலாவது டி-ஷர்ட், 'எதுக்கும் இருக்கட்டும்டா' என்று அம்மா கடைசி நிமிஷத்தில் திணித்த போர்வை... எல்லாம் உங்க முதுகுல ஏறி ஓசியில ஊரைச் சுத்திப் பார்த்துட்டு, மடிப்புக்கூடக் கலையாம வீடு வந்து சேர்ந்திருக்கும். சரிதானே?

பஸ்ல போய், ரூம் போட்டுத் தங்குற டூர்னா இதெல்லாம் ஒரு மேட்டரே இல்லை. ஆனா, பையை மாட்டிக்கிட்டு நடந்தே போறது, ராத்திரி கிடைச்ச இடத்துல துண்டை விரிச்சுப் படுக்கறதுன்னு இறங்கிட்டீங்கன்னா கதையே வேற. அதுவும் நம்ம கோவளம் - மாமல்லபுரம் கடற்கரை மாதிரி ஒரு இடத்தில், ஒவ்வொரு கிலோவும் உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டு உதைக்கும்.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஹாஸ்டல் ரூமில், ரெண்டு நாள் நடைக்காகக் கட்டி வைத்திருந்த ஒரு மெக்கானிக்கல் மாணவரின் பையைத் தரையில் கொட்டினோம். பக்கத்திலிருந்த பழைய பேப்பர் கடைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்தோம். (கடைக்கார அண்ணாச்சி கடைசி வரைக்கும் 'இதெல்லாம் விக்கிறதுக்கா தம்பி?' என்று ஆசையாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்.)

காலிப் பை மட்டும் 1.8 கிலோ. ஆன்லைனில் வாங்கிய ரெண்டு பேர் டென்ட் 2.6. ஸ்லீப்பிங் பேக் 1.4. ஜீன்ஸ் ரெண்டு 1.3. டி-ஷர்ட் நாலு 800 கிராம். டர்க்கி டவல் அரைக் கிலோ. ஸ்டீல் பாட்டில், தண்ணி ஊற்றுவதற்கு முன்பே 400 கிராம். பெரிய பவர் பேங்கும் சார்ஜர்களும் 600. ப்ளூடூத் ஸ்பீக்கர் 600. ஷாம்பூ, ஃபேஸ்வாஷ், டியோடரன்ட் வகையறா 700. மாத்துக்கு ஒரு ஜோடி ஷூ 800. குட்டி கேஸ் அடுப்பு, சிலிண்டர், பாத்திரம் 900. கூட்டிப் பாருங்க... 12.4 கிலோ. இதில் ஒரு சொட்டுத் தண்ணியோ, ஒரு வாய் சாப்பாடோ இன்னும் சேரலை. நம்ம ஹீரோவோட எடை 58 கிலோ. அதாவது, தன் எடையில் அஞ்சுல ஒரு பங்குக்கும் மேல முதுகில்!

ஸ்கூல் பிள்ளைங்களுக்கே பை எடை உடம்பு எடையில் 10 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாதுன்னு மத்திய அரசோட 2020 பள்ளிப் பை கொள்கை சொல்லுது. நாம காலேஜ் படிக்கிறோம், கொஞ்சம் கூட்டிக்கலாம். அதுக்காக இவ்வளவா?

நடைக்காரர்கள் உலகத்தில் ஒரு கணக்கு இருக்கு. சாப்பாடு, தண்ணி, எரிபொருள் மூணையும் கழிச்சுட்டு, பையில் மிச்சம் இருக்கிறதுதான் அடிப்படை எடை. இது ஒன்பது கிலோவுக்குள் இருந்தா 'லைட்'. நாலரை கிலோவுக்குள் கொண்டு வந்துட்டா 'அல்ட்ராலைட்'. கேட்டதும் 'ஓ, டைட்டானியம் கரண்டி, வெளிநாட்டு டென்ட், ஏகப்பட்ட செலவு'ன்னு நினைக்காதீங்க. நம்ம ஊர்ல அல்ட்ராலைட் ஆகறதுக்குப் பணம் தேவையில்லை. வீட்டுக் கொடியில காயற துணியே போதும். எப்படின்னு சொல்றதுக்கு முன்னாடி, மணல் என்ன பண்ணும்னு தெரிஞ்சுக்குங்க.

மணல் கேட்கும் வட்டி

காய்ந்த மணலில் நடப்பதற்குக் கெட்டித் தரையில் நடப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகிறது. 1998-ல் பெல்ஜிய விஞ்ஞானிகள் ஆட்களை நடக்கவிட்டு அளந்தே சொன்ன கணக்கு இது. ஒவ்வொரு அடியிலும் கால் உள்ளே போகுது, மணல் பின்னால நழுவுது, நீங்க போட்ட உழைப்பு மணலுக்கே போயிடுது. எடை கூடக் கூடக் கால் இன்னும் ஆழமாப் புதையும். பேங்க் லோனாவது பரவாயில்லை.

அதனாலதான் விவரம் தெரிஞ்சவங்க அலை வந்து நனைச்சுட்டுப் போன ஈர மணல்ல நடப்பாங்க. அது ரோடு மாதிரி கெட்டியா இருக்கும். கடல் உள்வாங்கி இருக்கிற நேரமாப் பார்த்து நடந்தா இந்த ஈர ரோடு அகலமா கிடைக்கும். ஒரே ஒரு தொல்லை, அது கடலைப் பார்த்துச் சரிஞ்சிருக்கும். ரொம்ப நேரம் ஒரே பக்கமா நடந்தா ஒரு கால் குட்டை ஆன மாதிரி இடுப்பு வலிக்கும். அப்பப்ப மேல ஏறி நடந்துட்டு வாங்க.

இன்னொரு விஷயம், ஷூ. பாதத்தில் கட்டிய ஒரு கிலோ, முதுகில் இருக்கும் நாலிலிருந்து ஆறு கிலோவுக்குச் சமம் என்பது ராணுவ வீரர்களை வைத்துப் பண்ணிய பழைய ஆராய்ச்சியின் முடிவு. இங்கே மலையேற்ற பூட்ஸ் போட்டுக்கிட்டு வந்தா, உள்ளே மணல் புகுந்து ஆளுக்குக் கால் கிலோ இலவசமாகச் சேரும். பின்னாடி வார் வெச்ச, நல்லாப் பழகின ஒரு செருப்பு போதும். புதுச் செருப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். கொப்புளத்துக்கு வெயிட் குறைக்கும் டெக்னிக் எதுவும் கிடையாது!

நம்ம ஊரு அல்ட்ராலைட் ஆட்கள்

ஆகஸ்ட் மாசக் கடைசியில் ஈ.சி.ஆர். பக்கம் போயிருக்கீங்களா? காவி உடுத்தி, வெறுங்காலோடு, வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை போகும் கூட்டம் சாலை ஓரமாக நடந்துகொண்டே இருக்கும். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தில் இருந்து செப்டம்பர் 8 திருவிழாவுக்குள் போய்ச் சேரணும். சென்னையிலிருந்து 300 கிலோ மீட்டருக்கும் மேல. அவங்க தோள்ல என்ன தொங்குதுன்னு பாருங்க... ஒரு துணிப்பை. மாத்துத் துணி, ஒரு துண்டு, ஒரு போர்வை, ஒரு பாட்டில் தண்ணி. அவ்வளவுதான். (சில குழுக்கள் மூட்டையை எல்லாம் கூட வரும் வண்டியில் ஏத்திடுவாங்க. அது வேற கேட்டகிரி.)

சபரிமலை இருமுடியும் இதே லாஜிக்தான். முன்முடி சாமிக்கு, பின்முடி தனக்கு. ஆக, தனக்குன்னு எடுத்துக்க முடிஞ்சது தலையில் இருக்கிற ஒரு மூட்டையில் பாதி மட்டும்தான்! பையைச் சின்னதாக்கினா பொருள் தானாக் குறையும்ங்கிறதை யாரும் கிளாஸ் எடுக்காமலே கத்துக்கிட்டவங்க நம்ம ஆட்கள்.

செங்கல்பட்டு மாவட்டத்துக்கே சொந்தமான ஒரு உதாரணம், இருளர்கள். புதர்க்காட்டில் பாம்பு தேடிக் கிளம்பும்போது அவங்க கையில் ஒரு கடப்பாரை, தோளில் துணிப்பை. மத்ததெல்லாம் கண்ணிலும் மூளையிலும்தான் இருக்கு. வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்தின் வழியாகப் பாம்புக்கடி மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுப்பவர்கள் இவர்கள்தான். அதில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருவரை 2017-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கே கூட்டிட்டுப் போனாங்க. அங்கே சதுப்பு நிலத்தில் பெருகிக் கிடந்த பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க அந்த ஊர் ஆட்கள் திணறிக்கொண்டிருந்தார்கள். நம்ம ரெண்டு பேரும் இரும்புக் கம்பியும் கையுமாப் போய் முதல் மாதத்துக்குள் இருபதுக்கும் மேற்பட்ட மலைப்பாம்புகளைப் பிடிச்சுக் காட்டினாங்க. 2023-ல் ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ.

அமெரிக்கான்னதும் இன்னொருத்தர் ஞாபகம் வர்றாங்க. எம்மா கேட்வுட். 11 பிள்ளைகள் பெற்ற பாட்டி. 1955-ல், தன் 67-வது வயதில், அப்பலாச்சியன் மலைப்பாதை மூவாயிரத்துச் சொச்சம் கிலோ மீட்டரையும் தனியாக நடந்து முடித்தார். டென்ட் இல்லை, ஸ்லீப்பிங் பேக் இல்லை. தானே தைத்த ஒரு துணி மூட்டையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு, சாதாரண கான்வாஸ் ஷூவில் நடந்தார். மழைக்கு என்ன வெச்சிருந்தாங்க தெரியுமா? குளியலறைத் திரை! இன்னிக்கு அல்ட்ராலைட் ஆட்கள் எல்லாம் 'எங்க குலதெய்வம்' ரேஞ்சுக்குக் கொண்டாடறது இந்தப் பாட்டியைத்தான்.

தலைச்சுமையையும் குறைச்சு எடை போட வேண்டாம். சும்மாடு வெச்சு மீன்கூடையைத் தூக்கிட்டு நடக்கிற இந்தக் கடற்கரைப் பெண்களைப் பார்த்திருப்பீங்க. 1986-ல் வெளியான ஒரு ஆராய்ச்சியில், கென்யப் பெண்கள் தங்கள் எடையில் 20 சதவிகிதம் வரை தலையில் சுமந்தாலும் கூடுதல் சக்தி செலவாகவில்லை என்று கண்டுபிடித்தார்கள். சின்ன வயசில் இருந்தே பழகினவங்களுக்குத்தான் அது. நீங்க இன்னிக்கு ட்ரை பண்ணினா கழுத்து பிடிச்சுக்கும். அப்படிப் பழகினவங்களுக்கே ஓய்வு வேணும்னுதான் சாலை ஓரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டாங்க. ரெண்டு கல்லை நட்டு, மேல ஒரு கல்லைப் படுக்க வெச்சிருப்பாங்க. யார் உதவியும் இல்லாம சுமையை இறக்கி, திரும்ப ஏத்திக்கிற உயரத்தில். கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்களின் நினைவாக நட்டு வைத்த கல் அது.

டென்ட்டுக்கு டாட்டா

இப்ப பைக்கு வருவோம். வெளிநாட்டுக்காரன் எழுதின டிப்ஸ் எல்லாம் 'டென்ட், ஸ்லீப்பிங் பேக், பை - இந்த மூணும்தான் பெரிய எடை, அதை காஸ்ட்லியா, லேசா வாங்கு'ன்னு சொல்லும். அவனுக்குக் குளிர் பிரச்னை. நமக்கு? ஜனவரி நடுராத்திரியிலும் இந்தக் கரையில் வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். இங்கே ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள படுத்தா இட்லிதான்! ஒரு பருத்திப் போர்வை, 400 கிராம். முடிஞ்சது.

மெத்தை? கீழே இருக்கிறது மணல் பாஸ். இடுப்பு வர்ற இடத்திலும் தோள் வர்ற இடத்திலும் கையால லேசாத் தோண்டிட்டுப் படுங்க. பஞ்சு மெத்தை தோற்கும்.

டென்ட் எதுக்கு எடுத்துட்டு வர்றோம்? மழைக்கு. மழைன்னா இங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம். அந்த மூணு மாசம் கடற்கரையில் படுக்கவே கூடாது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் கரையைக் கடந்ததே மாமல்லபுரம் பக்கத்தில்தான். ஏப்ரல், மே வெயிலில் நடப்பதும் வேண்டாம். மிச்சம் இருக்கிற ஜனவரி, பிப்ரவரியில் மழை அபூர்வம். அப்போ உங்க எதிரி மழை இல்லை, கொசு! பகலில் கடலில் இருந்து வீசும் காற்று ராத்திரியில் திசை மாறி நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். போற வழியில பக்கிங்ஹாம் கால்வாய் பக்கத்துக் கொசுப் பட்டாளத்தையும் கூட்டிக்கிட்டு வரும். 'கடற்கரையில ஏது கொசு?'ன்னு கேட்டுட்டுப் படுத்தவங்க, விடியறதுக்குள்ள முகம் வீங்கி எழுந்திருப்பாங்க.

ஆக, 2.6 கிலோ டென்ட்டுக்குப் பதில் ஒரு ஒற்றைக் கொசுவலை, கீழே விரிக்கவும் பனிக்கு மேலே கட்டவும் ஒரு மெல்லிய தார்ப்பாய், கொஞ்சம் நைலான் கயிறு. மொத்தம் ஒரு கிலோ. மரம் இருந்தா மரத்தில் கட்டுங்க. சவுக்குத் தோப்புன்னா யாருக்குச் சொந்தம்னு கேட்டுட்டு நுழையுங்க. மரம் இல்லைன்னா ரெண்டு கழி. மணலில் ஆணி அடிச்சா நிக்காது. பையில் மணலை நிரப்பி, கயிறைக் கட்டி, ஒரு அடி ஆழத்தில் புதைச்சுட்டா கழி அசையாது. காலையில் மறக்காம தோண்டி எடுத்துடணும்.

டர்க்கி டவலுக்குப் பதில் ஒரு குற்றாலத் துண்டு. 100 கிராம், பத்து நிமிஷத்தில் காயும். வெயில்ல தலைக்கு, ராத்திரி தலையணைக்கு, அவசரத்துக்குக் கட்டுத் துணிக்கு. இப்படி ஒரே பொருளுக்கு நாலு வேலை கொடுக்கறதுதான் இந்தக் கலையோட முழு ரகசியம். ஜீன்ஸுக்குப் பதில் ஒரு லுங்கி, ஒரு ஷார்ட்ஸ். நனைஞ்ச ஜீன்ஸ் எடை எவ்வளவுன்னு துவைச்ச அனுபவம் இருக்கிறவங்களுக்குத் தெரியும். நமக்கு அம்மா துவைக்கிறாங்க, அதான் தெரியலை. ஸ்டீல் பாட்டிலுக்குப் பதில் ரெண்டு பழைய பிளாஸ்டிக் தண்ணி பாட்டில், ரெண்டும் சேர்ந்தே 50 கிராம். ஷாம்பூ டப்பாவுக்குப் பதில் ஒரு சாஷே. கடலூர்ல ஒருத்தர் ஷாம்பூவைப் பொட்டலத்தில் அடைச்சு விக்கலாம்னு யோசிச்சு ஆரம்பிச்ச விஷயம் அது. அல்ட்ராலைட் உலகத்துக்கு நம்ம ஊர் சீதனம்! அடுப்பு வேண்டவே வேண்டாம். ஈ.சி.ஆர். கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது மணல்ல உட்கார்ந்து நூடுல்ஸ் கிண்டறது வெறும் ஃபோட்டோவுக்குத்தான்.

சாப்பாட்டுக்கும் எடைக் கணக்கு உண்டு. 100 கிராம் வேர்க்கடலையில் சுமார் 560 கலோரி. அதே 100 கிராம் வாழைப்பழத்தில் 90 சொச்சம். பழத்தைக் கடையில் வாங்கி அங்கேயே சாப்பிடுங்க, கடலை மிட்டாயைச் சுமங்க. முதல் நாள் மதியத்துக்குப் புளிசாதம் தாங்கும். தயிர்சாதம் இந்த வெயிலுக்குத் தாங்காது.

இப்ப அதே மாணவரின் புதுக் கணக்கு. காலேஜ் பை 600 கிராம், வலை-தார்ப்பாய்-கயிறு 1 கிலோ, போர்வை 400, துணி 600, துண்டு 100, பாட்டில் 50, சின்ன பவர் பேங்கும் ஒயரும் 250, சோப்பு சீப்பு 100, டார்ச் 100, மருந்துப் பொட்டலம் 200. மொத்தம் 3.4 கிலோ! ஒன்பது கிலோ காணாமப் போச்சு. ஸ்பீக்கர்? அலை சத்தமே போதும்னு சொன்னா கவிதைன்னு கிண்டல் பண்ணுவீங்க. ஆனா, ராத்திரி ரெண்டு மணிக்குக் கிளம்ப வேண்டிய மீனவர் தூங்கிட்டு இருக்கிற குப்பத்துப் பக்கத்தில் பாட்டு போட்டா, அடுத்த நிமிஷமே கிளம்பச் சொல்லிடுவாங்க.

தண்ணியில கை வைக்காதீங்க

இவ்வளவும் குறைச்சது எதுக்கு? தண்ணிக்காக. ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. இதை எந்தக் கம்பெனியாலயும் லேசாக்க முடியாது. மலையில் ஓடை வரும், பிடிச்சு வடிகட்டிக் குடிக்கலாம். இங்கே இடது பக்கம் கடல், வலது பக்கம் உப்பங்கழி. பையில் எடுத்துட்டுப் போற சாதாரண ஃபில்டர் உப்பை வடிகட்டாது. நெம்மேலியில் கடல் தண்ணியைக் குடிநீராக்கும் ஆலை 2013-லிருந்து ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டருக்கும், பக்கத்திலேயே 2024-ல் திறந்த இன்னொன்று 15 கோடி லிட்டருக்கும் கட்டப்பட்டவை. அந்த ரெண்டையும் தாண்டி நடக்கும்போது உங்க பாட்டில் காலியா இருந்தா, உங்களுக்கு ஒரு சொட்டு கிடைக்காது!

'வெயிட் குறைக்கிறேன்'னு சொல்லிட்டு முதல்ல தண்ணியைக் குறைக்கிறவங்க நிறைய பேர். அதுதான் ஆபத்து. இளவெயில்லயும் மணிக்கு அரை லிட்டர், முக்கால் லிட்டர் உடம்பு கேட்கும். தலை சுத்தல், வாந்தி, வியர்வை நின்னு உடம்பு கொதிக்கிறது, பேச்சு குழறுறது... இதெல்லாம் 'டயர்டா இருக்கான்' இல்லை. ஆளை நிழலுக்குக் கொண்டு போய், உடம்பை நனைச்சு, விசிறி, 108-க்கு அடிக்க வேண்டிய நேரம். மருந்துப் பொட்டலத்தில் ரெண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கட்டாயம்.

எவ்வளவு சுமக்கணும்? அடுத்த கடை வரைக்கும் எவ்வளவு தேவையோ அவ்வளவு. இந்தக் கரையில் ஈ.சி.ஆர். பெரும்பாலும் ஒரு கிலோ மீட்டருக்குள்தான் இருக்கு. அதனால ரெண்டு லிட்டரோட நடந்து, அப்பப்ப ரோட்டுக்குப் போய் நிரப்பிக்கலாம். சாயங்காலம் படுக்கப் போகும்போது மட்டும் மூணு லிட்டர். அப்பவும் சாப்பாட்டோட சேர்த்து உங்க பை ஏழரை கிலோவைத் தாண்டாது.

ரூட் இதுதான்

ஜனவரியில் வடக்கிலிருந்து வாடைக்காற்று வீசும். அதை முதுகில் வாங்கற மாதிரி கோவளத்தில் ஆரம்பிச்சுத் தெற்கே நடங்க. திருவிடந்தை, வடநெம்மேலி முதலைப் பண்ணை, நெம்மேலி, பட்டிபுலம், சாளுவன்குப்பம், மாமல்லபுரம் என்று சுமார் 20 கிலோ மீட்டர். காலை அஞ்சரைக்குக் கிளம்பி பத்தரைக்கு நிறுத்தி, மூணரைக்கு மறுபடி தொடங்கணும். வெயில் காலையில் இடது பக்கமும், சாயங்காலம் வலது பக்கமும் அடிக்கும், ரெண்டு காதையும் மறைச்சுக்குங்க. நடுவில் கல் கொட்டின இடம், சுவர் கட்டின இடம் வந்தா தாவிக் குதிக்காம ரோட்டுக்கு ஏறிச் சுத்தி வாங்க. சாளுவன்குப்பத்தில் புலிக்குகையோட திரும்பிடாதீங்க. 2004 சுனாமிக்கு அப்புறம், 2005-ல் தோண்டி எடுத்த பழைய முருகன் கோயில் பக்கத்திலேயே இருக்கு. கையில் லேசான பை இருந்தா இப்படிச் சுத்திப் பார்க்கத் தெம்பு மிச்சம் இருக்கும்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையப் பகுதி. அங்கே கரையோரமா நடக்க விடமாட்டாங்க, முயற்சியே பண்ணாதீங்க. உள்பக்கமாத் திரும்பினா திருக்கழுக்குன்றம் சுமார் 15 கிலோ மீட்டர். வேதகிரீஸ்வரர் மலைக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். ஒரு காலத்தில் உச்சிப் பொழுதில் ரெண்டு கழுகுகள் வந்து பொங்கல் வாங்கித் தின்னுட்டுப் போகும்னு ஊரே வேடிக்கை பார்த்த இடம். 90-களின் கடைசியோட அது நின்னு போச்சு. பையைக் கீழே வைக்காம படி ஏறிப் பாருங்க. அதுதான் உங்க எடைக் குறைப்புக்கு செமஸ்டர் பரீட்சை!

படுக்கறதுக்கு முன்னாடி

கிடைச்ச இடத்தில் படுக்கறதுன்னா கேட்காம படுக்கறதுன்னு அர்த்தம் இல்லை. இந்தக் கரையில் முக்கால்வாசி ஏதாவது ஒரு மீனவர் குப்பத்துக்குப் பக்கம்தான். ஊர்ப் பெரியவங்ககிட்ட 'ஐயா, காலேஜ் பசங்க, ஒரு ராத்திரி இங்க படுத்துக்கலாமா?'ன்னு கேளுங்க. வேண்டாம்னா நகர்ந்துடுங்க. படகுக்கும் கடலுக்கும் நடுவில் படுக்காதீங்க. விடியறதுக்கு முன்னாடியே படகு இறங்கும். ரோந்து போலீஸ் வந்தா காட்ட காலேஜ் ஐ.டி. கார்டு வெச்சுக்குங்க, அஞ்சு பத்து கிராம்தான். கடற்கரைக் கோயில் சுற்றுப்புறத்தில் படுக்கிற ஐடியாவே வேண்டாம்.

பெண்கள் குழுவா இருந்தா, திறந்த கரைக்குப் பதில் காசு கட்டித் தங்கும் கேம்ப் இடத்தையோ, லாட்ஜையோ பாருங்கன்னுதான் சொல்ல வேண்டியிருக்கு. இப்படிச் சொல்றது நியாயமே இல்லை. ஆனா, நியாயம் வர்ற வரைக்கும் ராத்திரி ஒண்ணு இருக்கே. அப்படிப் போனா வலையும் தார்ப்பாயும் மிச்சம், பை இன்னும் ஒரு கிலோ இறங்கும்.

காடுன்னா ரூல் வேற. 2018 மார்ச் 11-ம் தேதி குரங்கணி காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவங்களை இழந்தோம். அதுக்கு அப்புறம் தமிழ்நாட்டில் வனப் பகுதியில் மலையேற்றத்துக்குன்னு தனி விதிகள் வந்தாச்சு. அனுமதி இல்லாம காப்புக்காட்டில் நுழையறது, தங்கறது ரெண்டுமே குற்றம். மலை ஏறணும்னு ஆசை இருந்தா வனத்துறையோட 'ட்ரெக் தமிழ்நாடு' 2024 அக்டோபரில் 40 பாதைகளோட ஆரம்பிச்சிருக்கு. அதில் பதிவு பண்ணிப் போங்க.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறுற சீசன். வெள்ளை டார்ச் அடிச்சா, தீ மூட்டினா ஆமை திரும்பிப் போயிடும். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின சோகம் நடந்த கரை இது. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்குங்க. 1988-லிருந்து ஆமை முட்டைகளைக் காப்பாத்த ராத்திரி ராத்திரியா சென்னைக் கரையில் நடக்கிற மாணவர்கள் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு ஆட்கள், நீலாங்கரையில் இருந்து பெசன்ட் நகர் வரை டார்ச்சை அணைச்சுட்டேதான் நடப்பாங்க. நிலா வெளிச்சத்துக்குக் கண்ணு பழக அஞ்சு பத்து நிமிஷம் ஆகும், அவ்வளவுதான். புதர்ப் பக்கம் ஒதுங்கும்போது மட்டும் டார்ச் வேணும், அங்கே பாம்பு இருக்கும்.

கடல்ல இறங்கறது? முழங்கால் வரைக்கும். மாமல்லபுரத்தில் காலேஜ் பசங்களை அலை இழுத்துட்டுப் போன செய்தியைப் பேப்பர்ல எத்தனை தடவை படிச்சிருக்கீங்க!

போகும்போது சாப்பிட்டது, குடிச்சது எல்லாம் தீர்ந்து பை இன்னும் லேசாகியிருக்கும். அந்த இடத்தில் குப்பையைப் போட்டு எடுத்துட்டு வாங்க. காலி சாஷே, கடலை மிட்டாய் கவர், எல்லாம் சேர்த்து 100 கிராம்கூட வராது. வீட்டுக்கு வந்ததும் பையைக் கொட்டி, தினமும் எடுத்தது, ஒரே தடவை எடுத்தது, தொடவே தொடாததுன்னு மூணு குவியல் பண்ணுங்க. மருந்தைத் தவிர மூணாவது குவியல் அடுத்த தடவை வீட்டிலேயே இருக்கட்டும்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து செங்கல்பட்டு ஜங்ஷனுக்கு பஸ், அங்கிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயின். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ்ல நிக்கக்கூட இடம் இருக்காது. கவலைப்படாதீங்க... உட்கார்ந்திருக்கிற யாராவது ஒரு அக்கா 'இங்க குடுப்பா' என்று உங்க பையை வாங்கி மடியில வெச்சுக்குவாங்க. கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்க மாட்டார்.